நாலு போர்ஷனுக்கு நான் போட்ட எஸ்டிமேட்

எஸ்டிமேட் போடுறது எப்படின்னு இன்ஜினியரிங் படிச்ச ஒங்களுக்கு நான் சொல்லித் தரப் போறதில்ல. கன அடி, சதுர அடி, செங்கல் எண்ணிக்கை எல்லாம் நீங்க என்னைவிடச் சுளுவா போட்டுடுவீங்க. ஒங்க கையில கணக்குப் போடுற மெஷின் இருக்கு. ரிட்டயர் ஆனவனக் கூப்பிட்டு உக்கார வச்சு, "சார், ஒங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கட்டடம் எது"ன்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்றேன். நல்லா நின்ன கட்டடம் ஒண்ணுகூட எனக்கு ஞாபகத்துல இல்ல. நின்னுட்டா அதப்பத்தி நெனைக்க என்ன இருக்கு? சிதம்பரத்துல ஒண்ணு நிக்கல. அது மட்டும் எனக்குச் செங்கல் செங்கலா ஞாபகம் இருக்கு. பெருமையா ஏதாவது சொல்லுவேன்னு நெனச்சிருந்தா இப்பவே எழுந்து டீ குடிக்கப் போயிடுங்க.

அறுபதுகள்ல திருப்பாதிரிப்புலியூர்ல, ஸ்டேஷனுக்குக் கிட்ட, ஒரு அரிசிக்கடைக்கு மேல மாடியில எங்க ஆபீஸ். ஆபீஸ்னதும் பெரிசா நெனச்சுக்காதீங்க. ரெண்டு டிராயிங் மேசை, ஒரு பெஞ்சு, ஒரு தண்ணிப் பானை, அவ்ளோதான். முதலாளி அரசாங்கத்துல ஓவர்சீயரா இருந்து வெளிய வந்தவர். பேரு வேணாம். வேலை தெரிஞ்ச மனுசன். சுவத்துல கைய வச்சே ஈரம் எங்கேருந்து ஏறுதுன்னு சொல்லிடுவாரு. அவர்கிட்டதான் நான் பிளான் போடக் கத்துக்கிட்டேன், பொய் எழுதவும் கத்துக்கிட்டேன்.

அந்தக் காலத்துல சிமெண்டு நெனச்ச நேரத்துக்குக் கடையில வாங்க முடியாது. சர்க்கார் பர்மிட்டுக்கு எழுதிப் போடணும். பர்மிட்ல ஒரு ரேட்டு, வெளியில அதுக்கு ரெண்டு பங்கு. கம்பிக்கும் அதே கதைதான். நூறு மூட்டை கேட்டா இருபது வரும், அதுவும் எப்ப வரும்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். இது மேஸ்திரிக்குத் தெரியும், மாட்டு வண்டிக்காரனுக்குத் தெரியும், எங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனாலும் எஸ்டிமேட்ல அத்தனை மூட்டையையும் பர்மிட் ரேட்டுலதான் எழுதுவோம். ஊர்ல இருக்கிற எல்லா ஆபீஸும் அப்படித்தான் எழுதுச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல நான் முதலாளியக் கேட்டேன், "இந்த ரேட்டுக்கு எங்க சார் கெடைக்குது?"ன்னு.

சிரிச்சாரு. "டேய், நெசமான ரேட்ட எழுதினா வந்தவன் படியிறங்கி எதிர் ஆபீஸுக்குப் போயிடுவான். கடக்கால் தோண்டி மேல நாலு வரி செங்கல் வக்கிற வரைக்கும்தான் நம்ம பாடு. அதுக்கப்பறம் எங்கேயாவது பொரட்டிக் கட்டி முடிச்சுடுவான். ஆரம்பிச்சவன் எவன்டா பாதியில வுட்டான்?"

நெசமாவே பொரட்டத்தான் செஞ்சாங்க. காணி நிலத்த வித்தாங்க, மச்சான்கிட்ட கைமாத்து வாங்கினாங்க, மாமனார் வீட்டு வாசல்ல போயி நின்னாங்க. எங்களத் திட்டிக்கிட்டே முடிச்சாங்க. புதுமனைப் புகுவிழாவுக்கு எங்களயே கூப்பிட்டு வேட்டி துண்டும் குடுத்தாங்க. அதனால எனக்கு ஒறைக்கவே இல்ல. ஊரே செய்யிறதுதானேன்னு இருந்துட்டேன்.

அப்பதான் லால்பேட்டையிலேருந்து ஒரு தாக்கல் வந்துச்சு. ரஹ்மத் பீவின்னு ஒரு அம்மா, சிதம்பரத்துல மனை வாங்கிப் போட்டிருக்காங்க, வாடகைக்கு விடுற மாதிரி வீடு கட்டணும், யாராவது நேர்ல வந்து பாருங்கன்னு. முதலாளி என்னை அனுப்பினாரு. சேத்தியாத்தோப்பு வழியா பஸ்ஸ புடிச்சுப் போனேன். அந்தம்மா கதவுக்கு உள்பக்கம் இருந்துதான் பேசுனாங்க. எனக்கு வெளிய நாற்காலி, பால்ல போட்ட டீ, தட்டு நெறைய வட்டலப்பம். குரல் மட்டும் கேக்கும். தெளிவான குரல்.

வீட்டுக்காரர் ஹனீபா ரங்கூன்ல சின்னதா ஒரு துணிக்கடை வச்சிருக்காருன்னு சொன்னாங்க. ரெண்டு பொண்ணுங்க. "எனக்குக் கல்யாணமாயி இருவது வருசம் ஆச்சு தம்பி. அவுங்க என்கூட இருந்த நாளெல்லாம் சேத்துக் கூட்டினா மூணு வருசம் தேறாது. இப்ப அவுங்களுக்கு மேலுக்கு முடியல. மாசாமாசம் வாடகைன்னு ஒண்ணு வந்துச்சுன்னா கடைய வுட்டுட்டு வந்துடுறேங்கிறாங்க. அதுக்குத்தான் இந்த வீடு. ரெண்டு குடும்பம் இருக்கிற மாதிரி கட்டிக் குடுங்க, போதும்."

கவனிச்சுக்குங்க. அந்தம்மா கேட்டது ரெண்டு.

நான்தான் நாலு ஆக்கினேன். சிதம்பரத்துல காலேஜுல வேலை பாக்குறவங்க, கோர்ட்டு ஆபீஸுல இருக்கிறவங்க, எல்லாரும் சின்னப் போர்ஷனுக்கு அலையிறாங்கன்னு சொன்னேன். ரெண்டு போர்ஷனுக்கு எழுவது ரூபா வரும்னா நாலுக்கு நூத்தி நாப்பது வரும். நடுச்சுவரு பொது, கெணறு பொது, அதனால செலவு ரெண்டு பங்கு ஆவாதுன்னேன். அதெல்லாம் நெசந்தான். நாலு கட்டினா எங்க பீஸும் ஜாஸ்தி, அதுவும் நெசந்தான். அத மட்டும் சொல்லல.

ஒரு வாரத்துல பிளானும் எஸ்டிமேட்டும் எடுத்துக்கிட்டுத் திரும்பப் போனேன். முன்னால ஒரு ரூம், உள்ள ஒரு ரூம், சமையல்கட்டு, இப்படி நாலு வரிசையா. மேல காங்கிரீட் தளம். மொத்தம் பதினெட்டாயிரம். பர்மிட் ரேட்டுல போட்ட பதினெட்டாயிரம். வெளி ரேட்டுல அது இருவத்தி ரெண்டு, இருவத்தி மூணாயிரம் வரும்னு எனக்கு எழுதும்போதே தெரியும்.

உள்ளேருந்து காகிதத்தத் திருப்புற சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் படிச்சாங்க. அப்பறம், "இந்தக் கணக்கு கெட்டிதானா தம்பி?"ன்னு கேட்டாங்க.

"கெட்டிதாம்மா"ன்னேன்.

"அப்ப இத அப்படியே அவுங்களுக்கு எழுதிடுறேன். இந்த அளவுக்குத்தான் அவுங்களால அனுப்ப முடியும், ஒரு ரூபா கூட முடியாது. அவுங்க கஷ்டப்பட்ட காசு தம்பி. அமானிதமா ஒங்க கையில குடுக்கிறேன்."

அமானிதம்னா முஸ்லிம்கள் பேச்சுல, நம்பி ஒப்படைச்ச பொருள்னு அர்த்தம். திருப்பிக் கேக்குற நாள்ல முழுசாக் குடுக்கணும். அப்ப எனக்கு அது ஏதோ மரியாதைப் பேச்சாத்தான் பட்டுச்சு. வட்டலப்பத்தத் தின்னுட்டு பஸ் ஏறிட்டேன்.

வேலை ஆரம்பிச்சுது. பாத்திஹா ஓதி சக்கரை குடுத்தாங்க. மேஸ்திரி கோவிந்தன், சிதம்பரத்து ஆளு, வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம். நாலு போர்ஷனையும் ஒரே மட்டமா தூக்கணும்னு நான் சொல்லியிருந்தேன். சாரம் கட்டுற செலவு மிச்சம், சுவரு ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கும். எங்க ஆபீஸ் வழக்கம் அது. அதனால சுவரெல்லாம் ஒண்ணாவே ஏறுச்சு, ஒண்ணாவே சன்னல் மட்டத்துக்கு வந்து நின்னுச்சு. சேறு வச்சுக் கட்டின சுவரு, வெளிப்பூச்சு அப்பறம்தான். அன்னைக்கு ஊர்ல பாதி வீடு அப்படித்தான் கட்டினது. மேல தளம் ஏறிட்டா அந்தச் சுவத்துக்கு ஒண்ணும் ஆவாது.

சன்னல் மட்டத்துல கணக்குப் பாத்தேன். அதுவரைக்கும் ரங்கூன்லேருந்து வந்தது பதினஞ்சாயிரம். செலவு போக கையில ஆறாயிரம் இருந்துச்சு. பர்மிட்டுல வந்தது பதினெட்டு மூட்டை. இனிமே எப்ப வரும்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அப்ப வெளியிலதான் வாங்கணும். அந்த ஆறாயிரத்துல ரெண்டு போர்ஷனத்தான் முடிக்க முடியும். நாலுன்னா பாதிக்குத்தான் காணும்.

அதே நேரத்துல பேப்பர்ல வந்துச்சு, பர்மாவுல கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிடுதுன்னு. சிதம்பரம் ஸ்டேஷன்ல தகரப் பெட்டியோட வந்து எறங்கின குடும்பங்கள நானே பாத்தேன்.

கோவிந்தன் என்னைத் தனியா கூட்டிக்கிட்டுப் போனாரு. "சார், பேசாம ரெண்ட மூடிடலாம். அந்தாண்ட ரெண்ட இப்படியே வுட்டுட்டு, இந்தாண்ட ரெண்டுக்கு மட்டும் தளம் போட்டுடுவோம். எழுவது ரூபா வாடகை வந்தா அந்தக் குடும்பம் கஞ்சி குடிக்கும். மிச்சத்த அல்லா குடுக்கும்போது கட்டிக்கட்டும். நாலையும் தூக்கினீங்கன்னா நாலும் மொட்டையா நிக்கும்."

அவர் சொன்னதுதான் சரி. அத நான் அந்த நிமிசமே புரிஞ்சுக்கிட்டேன். புரியாம செஞ்ச தப்புன்னா இன்னைக்கு ஒங்க முன்னாடி உக்காந்து இத்தனை நேரம் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மாவே கட்டட வேலை நடக்குற எடத்துக்கு வந்துட்டாங்க. வெள்ளைத் துப்பட்டிய இழுத்துப் போத்திக்கிட்டு, செங்கக் குவியலுக்குப் பக்கத்துல நின்னு, மொதல் தடவையா என்ன நேராப் பாத்துப் பேசுனாங்க.

"கடைய எடுத்துக்கிட்டாங்களாம் தம்பி. காயிதம் வந்துச்சு. இனிமே அங்கேருந்து ஒரு காசு வராது. கையில இருக்கிறத வச்சு என்ன செய்யலாம்? நீங்க சொல்றபடி செய்யிறேன்."

இத நல்லாக் கேட்டுக்குங்க. ஒங்க வேலையில ஒங்களுக்கும் இப்படி ஒரு நிமிசம் வரும். அப்ப பரீட்சை மாதிரி எல்லாம் இருக்காது, வெயில்ல நின்னு யாரோ சாதாரணமா ஒண்ணு கேப்பாங்க, அவ்ளோதான். "அம்மா, ரெண்ட மூடிடலாம்"னு நான் சொல்லணும். ஆனா என் எஸ்டிமேட்டுப்படி நாலையும் முடிக்க இன்னும் ஒம்பதாயிரம்தான் ஆவணும். கையில ஆறு இருக்கு. மூவாயிரந்தானே கொறையுது, அதுக்கு ஏன் ரெண்ட மொட்டையா விடணும்னு கேப்பாங்க. அப்ப நான் எழுதினது பொய்க் கணக்குன்னு ஒத்துக்கணும். எனக்கு நாக்கு எழும்பல. வெக்கம். வேற ஒண்ணும் இல்ல, வெறும் வெக்கம்.

"நாலையும் முடிச்சுடலாம்மா. பர்மிட் வந்துடும். கணக்குப்படி மூவாயிரம்தான் தேவை"ன்னேன்.

"மூவாயிரம்தானே? என் நகை இருக்கு"ன்னாங்க.

அப்பவாவது வாயத் திறந்திருக்கலாம். தூ, என்ன மனுசன் நான். "சரிம்மா"ன்னு சொன்னேன். பக்கத்துல சாந்துக் கரண்டியோட நின்ன கோவிந்தன் என்ன ஒரு பார்வை பாத்துட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு அந்தாண்ட போயிட்டாரு.

அடுத்த வாரம் பணம் வந்துச்சு. குடுக்க வந்தப்ப அந்தம்மா கழுத்துல, தாலி மாதிரி போடுற கருகமணி மட்டும் கெடந்துச்சு. ரெண்டு பொண்ணுங்களுக்குன்னு சேத்து வச்சதும் அதுலதான் போச்சுன்னு பின்னால தெரிஞ்சுது.

நாலு சுவரும் தளமட்டத்துக்கு ஏறுச்சு. கம்பி பாதி வாங்கினேன். பலகை அடிச்சேன். சிமெண்டுக்கு நான் ஏறி எறங்காத படி இல்ல. பர்மிட் வரல. வெளி ரேட்டு இன்னும் ஏறுச்சு. ஒரு போர்ஷனுக்கு மட்டுமாவது தளம் போட்டுடலாம்னு பாத்தா, வாங்கின கம்பி நாலுக்கும் அளவு வெட்டி வளைச்சுக் கெடக்குது, காசு தீந்து போச்சு. முதலாளிகிட்ட ஓடினேன். "பொரட்டிடுவாங்கடா, பாரு"ன்னாரு. எங்க பொரட்டுறது? பொரட்டுறதுக்கு அவுங்ககிட்ட இனிமே என்ன இருக்கு? மொத தடவையா அவர எதுத்துக் கத்தினேன். கத்தி என்ன புண்ணியம்?

ஐப்பசி பொறந்துச்சு. நம்ம பக்கத்து மழை ஒங்களுக்குத் தெரியும். மூணு நாள் விடாம ஊத்துச்சு. நாலாம் நாள் காலையில மொத ரயிலப் புடிச்சுப் போனேன். சேத்துச் சுவரு, மேல தளம் இல்லாம, வெளிப்பூச்சும் இல்லாம, என்ன செய்யும்? ஊறி ஊறி, மூணாவது போர்ஷனுக்கும் நாலாவதுக்கும் நடுவுல இருக்கிற சுவரு முழுசா சாஞ்சு கெடந்துச்சு. செலவ மிச்சம் புடிக்கிறேன்னு ஒண்ணோட ஒண்ணு கட்டினதால, அது போகும்போது பக்கத்துச் சுவத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிருந்துச்சு. கோவிந்தன் யாரும் சொல்லாம தானே வந்து, மொத போர்ஷன் மேல கீத்து போட்டு மூடிக்கிட்டிருந்தாரு. கூலி வாங்கல.

மழை விட்டு ரெண்டு மாசம் கழிச்சு ஹனீபா பாய் கப்பல்ல மெட்ராஸ் வந்து, அங்கேருந்து ரயில்ல சிதம்பரம் வந்து எறங்கினாரு. ஒரு தகரப் பெட்டி. ஒல்லியான மனுசன், வெள்ளை ஜிப்பா, ஓயாம இருமல். நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இருவது வருசம் காத்திருந்த அந்தம்மா அவர் பெட்டிய வாங்கிக்கிட்டு, "வந்துட்டீங்கல்ல, அது போதும்"னு மட்டும் சொன்னாங்க.

நேரா மனைக்குப் போனோம். அவர் ஒவ்வொரு போர்ஷனா உள்ள போயி நின்னு பாத்தாரு. நாலாவதுல உள்ள போக முடியல, செங்கலும் சேறும் குமிஞ்சு கெடந்துச்சு. மேல வானத்தப் பாத்தாரு. அந்தம்மா வாசப்பக்கம் நின்னுக்கிட்டிருந்தாங்க. அவர் என்கிட்ட வந்து, கோவமே இல்லாம, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்குற மாதிரி கேட்டாரு.

"தம்பி, இவ மொதல்ல ரெண்டுதான் எழுதியிருந்தா. ரெண்டா மட்டும் கட்டியிருந்தா மூடியிருக்கலாமா?"

"இல்ல பாய்"னேன். "ரெண்டும் முடிஞ்சிருக்காது. வெலவாசி அப்படி."

அவர் மூச்ச இழுத்து விட்டாரு. தோள் எறங்குச்சு. "அப்பன்னா யாரு மேலயும் தப்பு இல்ல. அல்லா நாடினது"ன்னு சொல்லிட்டு, என் கையப் புடிச்சுக்கிட்டு, "இந்தக் கஷ்டத்துலயும் நீங்க இத்தன ஓட்டம் ஓடியிருக்கீங்க, இவ எழுதினா"ன்னாரு. எனக்கு அப்படியே அந்தக் கெணத்துல விழுந்துடலாம் போல இருந்துச்சு.

எனக்குத் தாங்கல. நாலு நாள் கழிச்சு, எப்படியும் உண்மையச் சொல்லிடணும்னு லால்பேட்டைக்குப் போனேன். அவர் தொழுகைக்குப் போயிருந்தாரு. அந்தம்மா கதவுக்கு உள்பக்கம் நிக்கல, வெளியவே வந்து நின்னாங்க.

நான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க. "மேஸ்திரி எங்கிட்ட அன்னைக்கே சொல்லிட்டாரு தம்பி, ரெண்ட மட்டும் மூடியிருக்கலாம்னு. சுவரு விழுந்த அன்னைக்கு."

"அம்மா, அத நான் பாய்கிட்ட..."

"வேணாம்."

"என்னால தாங்க முடியலம்மா."

"ஒங்களால தாங்க முடியாதத அவுங்க தாங்கணுமா? அவுங்க அல்லா நாடினதுன்னு நெனச்சு ஆறிட்டாங்க. நீங்க நாடினதுன்னு தெரிஞ்சா ஆற மாட்டாங்க. கடையும் போயி, வீடும் போயி, உள்ளுக்குள்ள தீயும் வேணுமா? நீங்க சொன்ன பொய்ய நீங்களே வச்சிருங்க. அது இப்ப ஒங்ககிட்ட நான் குடுக்கிற அமானிதம்."

சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. டீ குடுக்கல. அந்த வீட்டுல டீ குடுக்காம அனுப்பினது அன்னைக்கு ஒரு நாள்தான்.

அந்த மனைய, இருந்த சுவரோட சேத்து, சிதம்பரத்து வியாபாரி ஒருத்தர் அடிமாட்டு விலைக்கு வாங்கினாரு. ரெண்டு வருசத்துல தளம் போட்டு நாலு குடும்பம் குடி வச்சாரு. நூத்தி நாப்பதுக்கு மேலயே வாடகை வந்துச்சுன்னு கேள்வி. நான் போட்ட பிளான் நல்ல பிளான்தான். ஹனீபா பாய் கடைத்தெருவுல இன்னொருத்தர் துணிக்கடையில முழம் போட்டுக் கிழிக்கிற வேலைக்குப் போனாரு. அந்த இருமலோடயே.

நான் அந்த ஆபீஸ வுட்டுட்டேன். தனியா ஒரு மேசை போட்டு, வெளி ரேட்டுலயே எஸ்டிமேட் எழுத ஆரம்பிச்சேன். முதலாளி சொன்னது பலிச்சுது. வந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் கணக்கப் பாத்துட்டு எழுந்து எதிர் ஆபீஸுக்குப் போயிட்டாங்க. பல மாசம் வீட்டுல அடுப்பு எரியுறதே கஷ்டம். அது எனக்கு வேண்டியதுதான்னு இருந்தேன். ஒங்களுக்கு இதுலேருந்து நீதி எதாவது வேணும்னா எடுத்துக்குங்க: கணக்கு தப்பாயிடுச்சுன்னா சன்னல் மட்டத்துலயே சொல்லிடுங்க. தளமட்டத்துல சொல்றதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது. எனக்கு அந்த நீதியால ஒரு பிரயோசனமும் இல்ல.

அந்தப் பஞ்ச காலத்துல என்னைக் காப்பாத்தினது யாருன்னு கேளுங்க. மாசத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேர், லால்பேட்டையிலேருந்து, காட்டுமன்னார்கோயில்லேருந்து, விலாசம் விசாரிச்சுக்கிட்டு வருவாங்க. வீடு கட்டணும்பாங்க. யாரு அனுப்பினதுன்னு நான் கேக்கவே மாட்டேன். அவுங்களே சொல்லுவாங்க.

"துணிக்கடை ஹனீபா பாய்தான் ஒங்ககிட்ட போகச் சொன்னாரு. ஒங்க கணக்கு கெட்டியா இருக்கும்னாரு."

உக்காருங்கம்பேன். பேனாவ எடுப்பேன். மனையோட நீள அகலத்தக் கேப்பேன், கேட்டதையே இன்னொரு தடவையும் கேப்பேன்.